வலது கையில் வந்தவர்கள், இடது கையில் போனவர்கள்

ஒருவர் டிக்கெட் வாங்கிவிட்டு ஆட்டத்துக்கு வராமல் போனால், அவர் வந்தவரா, வராதவரா?

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றலாம். கால்பந்து மைதானத்தின் வாசல்களைப் பத்தொன்பது ஆண்டுகள் மேற்பார்த்த ஒரு பெண்ணுக்கு இது கேள்வியாக இருந்தது. அவருடைய கொழுந்தனுக்கு இல்லை. அவன் அதே மைதானத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஒரே வீட்டில் மாடியில் அண்ணன் குடும்பம், கீழே இவன் குடும்பம். அண்ணன் லாரியோடு நெடுஞ்சாலையிலேயே குடியிருந்ததால், ஆட்டம் முடிந்து ஒன்றாகப் பேருந்தில் திரும்புவது அண்ணியும் இவனும்தான். மைதானத்தின் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் சண்டை போட்டுக்கொண்டே வரும்.

"எத்தனை வித்தே?"

"ஆறாயிரத்து நூத்திப்பத்து, அண்ணி."

"எனக்கு நாலாயிரத்து எழுநூறு பேருதான் வந்தாங்க. மிச்சப் பேரு எங்க? உன் ஜன்னல்லயே கரைஞ்சு போயிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்கல்ல. வாங்கினா வந்த மாதிரிதான்."

"பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டு வீட்டுல தூங்குறவன் ஊரு போய்ச் சேந்துட்டானா?"

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். கொழுந்தன் ஜன்னலை இழுத்து மூடிக்கொள்வான்.

மைதானத்துக்கு ஆறு வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆள். அவர் இரு கைகளிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் எண்ணும் கருவி. அழுத்தினால் 'டிக்' என்று ஒன்று கூடும். வலது கை உள்ளே வருகிறவர்களுக்கு. இடது கை, பாதியில் வெளியே போகிறவர்களுக்கு. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த தாய் திரும்ப உள்ளே போனால் இரண்டு பேராகிவிடக் கூடாது அல்லவா. இடது கை ஏற்பாட்டைக் கொண்டுவந்தது அண்ணிதான். ஆட்டத்தின் அறுபதாவது நிமிடத்தில் ஆறு வாசல் எண்களையும் கூட்டி, போனவர்களைக் கழித்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒலிபெருக்கிக்காரர் அதை வாசிப்பார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டிக்டிக்'. அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் அதற்குக் கோபப்பட்டதுமில்லை, மகிழ்ந்ததுமில்லை.

புது மேலாளர் வந்ததும் அண்ணியின் எண்ணை வாசிப்பது நின்றது. விற்ற டிக்கெட்டும் இலவச டிக்கெட்டும் சேர்ந்த எண் வந்தது. "இன்று வருகை ஒன்பதாயிரத்து இருநூறு" என்று ஒலிபெருக்கி சொல்லும். எதிரே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். "மிச்சப் பேரு பெஞ்சுக்கு அடியில உக்காந்திருக்காங்களாடா?" என்று யாராவது கத்துவார்கள். கூட்டத்துக்கு ஆட்டத்தைவிட அந்த அறிவிப்பு வேடிக்கையாகிப் போனது.

அண்ணியிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. கிழமை, தொடங்கிய நேரம், மழை, எதிரணி, வாசல்வாரியாக ஆட்கள். ஒருநாள் அதை மேலாளரின் மேசையில் விரித்தார். "சார், ஆறாம் வாசல் ஃபேக்டரிப் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் வச்சப்போ அங்க மட்டும் ஆயிரத்து நானூறு பேரு. டிவிக்காரங்களுக்காகத் திங்கக்கிழமை ராத்திரிக்கு மாத்தினதுலேர்ந்து முந்நூறு. வரிசையா ஏழு ஆட்டம் தோத்தப்பக்கூட இவ்ளோ கொறையல."

"அம்மா, உங்க வேலை எண்ணுறது. ஏன்னு கேக்குறது இல்ல."

"எண்ணுறவளுக்குத்தான் சார் ஏன்னு தெரியும்."

நோட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஆட்டப் பருவத்தில்தான் லீக் அந்த விதியைக் கொண்டுவந்தது. முதல் பிரிவில் இருக்கும் கிளப்புக்குச் சராசரியாக ஆறாயிரம் பேராவது வர வேண்டும்; இல்லையென்றால் கீழ்ப் பிரிவு. டிக்கெட் விற்பனையைக் காட்ட முடியாது. வாசல் மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட தாள்தான் செல்லும். கடைசி ஆட்டத்துக்கு ஏழாயிரத்து நானூறு பேர் வந்தால் தப்பலாம் என்ற நிலை. கீழ்ப் பிரிவுக்குப் போனால் பாதி ஊழியர்களுக்கு வேலையில்லை. இரண்டு டிக்கெட் ஜன்னல்களில் ஒன்று மூடப்படும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மேலாளர் ஏற்கெனவே ஏழாயிரத்து ஐந்நூறு என்று எழுதிய தாளை நீட்டினார். அண்ணி வாசித்துப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே ஆளுங்க வந்துட்டாங்களா சார்?"

பேனாவுக்கு மூடியைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

அன்று மாலை கொழுந்தன் மாடியேறினான். "ஒரு கையெழுத்து, அண்ணி. யாரு குடி முழுகிடப் போகுது? என் பொண்ணு இந்த வருஷம் காலேஜ் சேரணும். ஜன்னல் போனா நான் எங்க போய் உக்காருவேன்?"

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். "உன் பொண்ணு எனக்கும் பொண்ணுதான், தம்பி. ஆனா கையெழுத்து என்னுது."

"அப்படியென்ன பிடிவாதம்!"

"பிடிவாதம்னே வச்சுக்கோ."

மறுநாள் மேலாளர் அவனைக் கூப்பிட்டு ஒரு கட்டு இலவச டிக்கெட்டுகளைக் கொடுத்தார். யோசனை யாருடையது என்று அவன் பிற்பாடும் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள், அவன் மனைவியோடு தையல் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் என்று ஆளுக்கு இரண்டு டிக்கெட். இரண்டாம் வாசல் வழியாக உள்ளே போவது. மைதானத்துக்குப் பின்னால், புல்வெட்டும் இயந்திரம் போய்வரும் சிறு கதவு வழியாக வெளியே வருவது. ஐந்தாம் வாசல் வழியாக மறுபடி உள்ளே போவது. சிறு கதவில் எண்ணுகிறவர் யாருமில்லை. இதில் பொய்யே இல்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் உண்மையாகவே உள்ளே போகிறாரே!

சனிக்கிழமை மாலை அவனும் மனைவியும் வீட்டு வாசலில் நின்று டிக்கெட்டுகளைப் பங்கிட்டபோது, மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. துணிக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று இருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கடைசிச் சுற்று ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதால், அன்று ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். வெயில் கொளுத்தியது. ஆனாலும் ஆறாம் வாசலில் வரிசை தெருமுனைவரை நீண்டது. அறுபதாவது நிமிடத்தில் கொழுந்தன் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கணக்கு அறைக்கு ஓடினான். ஆறு வாசல்களிலும் போனவர்களைக் கழித்த கூட்டல் கரும்பலகையில் இருந்தது: 7,431. மேலாளர் அவன் தோளைத் தட்டினார்.

அண்ணி கடைசியாக வந்தார். வாசல்கள் இருந்த பக்கத்திலிருந்து அல்ல, பின்பக்கத்திலிருந்து. செருப்பில் வெட்டிய புல் ஒட்டியிருந்தது. இடது கையை விரித்தார். கருவியில் 113.

"உன் பொண்டாட்டியோட நீலக் குடை அழகா இருக்கு, தம்பி," என்றார். "ரெண்டாம் வாசல்ல ஒரு தடவை, பின்கதவுல ஒரு தடவை பாத்தேன்."

கரும்பலகையில் கழித்து எழுதினார்: 7,318.

"எண்பத்திரண்டு பேருதாம்மா கொறையுது!" மேலாளர் கரும்பலகையைத் தட்டினார். "எண்பத்திரண்டு பேருக்காக ஒரு கிளப்பையே கொல்லுவீங்களா?"

"மூணு வருஷத்துல இவ்ளோ பேரு வந்ததே இல்ல சார். வந்தவங்கள ஒரு தடவை நேரா பாருங்க."

கையெழுத்துப் போட்டுத் தாளை அவரே எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கி அறைக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. எண் வாசிக்கப்பட்டபோது சிரிக்கத் தயாராக இருந்த கூட்டம் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தது. கண்ணும் காதும் ஒத்துப்போன அந்தக் கணம் என்னவென்று அவர்களுக்கே புரிந்திருக்காது.

கிளப் கீழ்ப் பிரிவுக்குப் போனது. மேலாளர் வேறு ஊருக்குப் போனார். வாசல்களில் இயந்திரம் வைத்தார்கள். அண்ணியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மூடப்பட்டது மற்ற ஜன்னல், கொழுந்தனுடையது தப்பியது. கீழ்ப் பிரிவு ஆட்டங்களை டிவி சீண்டவில்லை என்பதால் அவை சனிக்கிழமை நான்கு மணிக்கே நடந்தன. ஆறாம் வாசல் மெல்ல நிறையத் தொடங்கியது. ஆறாயிரத்தை எட்டவில்லை. அண்ணி செய்தது சரி என்றவர்களும் இருந்தார்கள். அவர் பெயரைக் கேட்டால் காறித் துப்பியவர்களும் இருந்தார்கள். சரியானதைச் செய்வதும் நல்லதைச் செய்வதும் ஒன்றுதானா என்பதில் கொழுந்தனுக்கு இன்றும் சந்தேகம். பல மாதங்கள் அவன் மாடியேறவில்லை.

புதுப் பருவத்தின் முதல் சனிக்கிழமை ஜன்னலுக்குள் ஒரு கை நீண்டது. கட்டைவிரல் காய்த்துப் போன கை.

"ஒண்ணு. ஆறாம் வாசல்."

அவன் நிமிராமல் கிழித்துக் கொடுத்தான். அண்ணி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். எதிரே இருந்த பேருந்து நிறுத்தப் பலகையில் உட்கார்ந்தார். உள்ளே இரைச்சல் எழுந்து அடங்கியது, மறுபடி எழுந்தது. கடைசி விசில்வரை அவர் அங்கேயே இருந்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும். ஒரு முறைகூட உள்ளே போகவில்லை.

பருவம் முடியும் தறுவாயில், பேருந்தில் அண்ணிக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கக் கண்டு அவன் உட்கார்ந்தான்.

"டிக்கெட் வாங்கிட்டு ஏன் அண்ணி உள்ள வர மாட்டேங்குறீங்க?"

"எத்தனை வித்தே?"

"நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது."

"என்னையும் சேத்தா?"

"சேத்துதான்."

அண்ணி தலையசைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.