காலரில் ஒட்டிய வரி

போன மாதம் ஒரு பத்திரிகையிலிருந்து கரையான்சாவடியில் இருக்கும் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். பேட்டியெல்லாம் முடிந்தபின் கேமராவை எடுத்துக்கொண்டு, "நீங்க எழுதுற மேசை எங்க மேடம்?" என்று கேட்டார் வந்தவர்களில் ஒரு பெண்.

"மேசை இல்லையே" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. சுற்றிப் பார்த்தார். பீரோ இருந்தது, கட்டில் இருந்தது, ஒரு தையல் மெஷின் இருந்தது. "பக்கத்து வீட்ல ஒண்ணு கேட்டு வாங்கிப் போட்டுக்கலாமா?" என்றார், நல்ல மனசோடுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெண் பார்க்க வருகிற நாளில் இரவல் சங்கிலி போட்டுக்கொண்டு உட்காருகிற வயதெல்லாம் எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. நின்றபடியே எடுங்கள், நான் எழுதக் கற்றுக்கொண்டதே நின்றுகொண்டுதான் என்றேன். அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். பணிவாவது, புண்ணாக்காவது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் செக்கராக இருந்தேன். காலையில் குமணன்சாவடியில் வேன் ஏறினால் சாயங்காலம் வரைக்கும் நின்றபடி வேலை. தைத்து வருகிற சட்டையைப் பலகைமேல் விரித்து, காலர், கை, பட்டன், ஓரம் என்று பார்க்க வேண்டும். பழுது இருந்தால் காகித டேப்பில் ஒரு துண்டு கிழித்து, பழுது என்னவென்று பேனாவால் எழுதி, அந்த இடத்திலேயே ஒட்டி, திருத்தப் போகிற சட்டைக்கான ஆல்டர் பெட்டியில் போட வேண்டும். சீட்டைப் பார்த்து டெய்லர் சரிசெய்வார். சரிசெய்தவர் சீட்டில் தன் நம்பரைப் போட வேண்டும். சட்டை திரும்பி வந்ததும் செக்கர் பார்த்து, சரியாக இருந்தால் டிக் போட்டுச் சீட்டை உரித்துவிடுவார். இதுதான் முறை. எட்டு வருஷத்தில் எத்தனை சீட்டு எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நோட்டு, பேப்பர் எதுவும் உள்ளே வரக் கூடாது. ஆனால் எனக்கு வார்த்தை வருவதோ உள்ளே இருக்கும்போதுதான். வெளியே வந்தால் வேன், கடை, அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் மண்டையில் ஒன்றும் இருக்காது. வார்த்தை வரும்போது பிடிக்காவிட்டால் அது நமக்காகக் காத்துக்கொண்டு நிற்குமா? யார் வீட்டுக் கல்யாணமோ என்று போய்விடும்.

என்னிடம் பேனா இருந்தது, டேப் இருந்தது. இது போதாதா? இரண்டு விரல் அளவு டேப் கிழித்து, அதில் எத்தனை வார்த்தை பிடிக்குமோ அத்தனை எழுதி, ஏப்ரன் உள்பக்கம் ஒட்டிக்கொள்வேன். ஐந்து வார்த்தை, மிஞ்சினால் ஏழு. வேண்டாத வார்த்தையை வெட்ட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அந்த டேப்தான் சொல்லித் தந்தது. வாரக் கடைசியில் எல்லாவற்றையும் உரித்து வீட்டு நோட்டில் ஒட்டுவேன். ஒரு தடவை மறந்துபோய் ஏப்ரனைத் துவைத்துவிட்டேன். ஒரு வாரம் முழுக்க சோப்புத் தண்ணீரோடு போனது.

கேட்டில் எங்களைத் தடவிப் பார்த்து அனுப்பும் செக்யூரிட்டி அக்கா ஒருநாள் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஏப்ரனைப் புரட்டிப் பார்த்து, "இன்னாமே இது? மந்திரிச்சு ஒட்டிக்கினு வந்துகீறியா?" என்றார்.

"ஆமாக்கா. உங்க கண்ணு படாம இருக்கத்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

இப்போது டோக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஹாலில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக வேண்டுமானால் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஒரு பிளைவுட் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் டோக்கன். நாற்பது பேருக்கும் அது ஒன்றுதான். ஆணி காலியாக இருந்தால் யாரோ போயிருக்கிறார்கள், அவர் வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவது எங்களுக்குப் பழகிவிட்டது.

அன்றைக்கு வெள்ளைச் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அடுத்த பலகையில் நிற்கும் ஆவடிப் பெண்ணுக்கு மாதவிலக்கு, இரண்டாம் நாள். ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, முடியலக்கா. டோக்கன் எவ கையில கீதுன்னே தெர்ல" என்றாள்.

"டோக்கன் கிடக்கட்டும், நீ போ" என்றேன். அவள் பயந்துகொண்டே போய் சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"எல்லாரும் இப்டி இஷ்டத்துக்குப் போனா சட்டைய யாரும்மா பாக்கறது? இது இன்னா கம்பெனியா, உன் மாமியா ஊடா? ஒருத்தி வந்தாதான் ஒருத்தி போணும்" என்றார் அவர்.

திரும்பி வந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் துப்பட்டாவை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மனுஷன் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். ஓடி வந்து என்ன சொன்னார் தெரியுமா? "சட்டைகிட்ட நிக்காதம்மா, தள்ளி நில்லு! ஒயிட் பீஸு, கறை பட்டா போச்சு!" என்றார்.

டேப்பைக் கிழித்தேன், வழக்கத்தைவிட நீளமாகவே கிழித்தேன். எழுதினேன்: "நாற்பது பெண்கள், ஒரு டோக்கன். சட்டையில் கறை படக் கூடாது, எங்கள் மேல் படலாம்."

எழுதின வேகத்தில் ஒட்டினேன். அங்கேதான் தப்பு நடந்தது. எட்டு வருஷமாக எழுதியதையெல்லாம் சட்டையில் ஒட்டிப் பழகின கை என்னுடையது. ஏப்ரனுக்குப் போக வேண்டியதை முன்னால் கிடந்த நல்ல சட்டையின் காலரில் ஒட்டி, ஆல்டர் பெட்டியிலும் போட்டுவிட்டது. நான் அந்தப் பெண்ணைக் கையோடு பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன், டோக்கன் இல்லாமல்தான். திரும்பி வந்து ஏப்ரனைத் தடவிப் பார்க்கிறேன், சீட்டு இல்லை. பெட்டியும் காலி.

சாயங்காலத்துக்குள் சட்டை திரும்பி வந்தது. காலரில் சீட்டு அப்படியே இருந்தது. அதன் கீழே காலர் டெய்லரின் நம்பர். அதற்குப் பக்கத்தில் கை டெய்லரின் நம்பர். பிறகு பட்டன், ஓரம், பாக்கெட் என்று வரிசையாக, இடம் பற்றாமல் இன்னொரு துண்டு டேப்பைச் சேர்த்து ஒட்டிப் பதினோரு நம்பர். எல்லாரும் குனிந்த தலையோடு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் வரியை அதுவரை என்னைத் தவிர ஒருத்தரும் படித்ததில்லை. முதல்முறையாகப் படித்தவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

நான் அதை உரித்து ஒளித்திருக்கலாம். ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்குள் சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து சரக்கைப் பார்க்க வந்திருந்த ஆள், வடக்கத்திக்காரர், சூப்பர்வைசரோடு எங்கள் பலகைக்கு வந்துவிட்டார். என் கையிலிருந்த சட்டையையே வாங்கிப் பார்த்தார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டார்.

சூப்பர்வைசர் படித்தார். முகம் வெளிறியது. "ஸ்டிச்சிங் சார். ஸ்மால் ஸ்டிச்சிங் ஃபால்ட்" என்றார்.

அந்த ஆள் நம்பர்களை எண்ணினார். "ஒன் காலர், லெவன் டெய்லர்?" என்றார்.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும், என் வேலையும் பத்திரமாக இருந்திருக்கும். "நோ ஸ்டிச்சிங் சார்" என்றேன். "டாய்லெட் சார். ஃபார்ட்டி லேடீஸ், ஒன் டோக்கன்." ஆணியைக் கையால் காட்டினேன். ஆணி காலியாக இருந்தது. ஹாலில் ஒரு மெஷின் நின்றது, அப்புறம் எல்லா மெஷினும் நின்றன.

அரை மணி நேரத்தில் என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் மேடம் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். முன்னால் பெரிய மேசை, ஒரு வெள்ளைத் தாள், நல்ல பேனா. எட்டு வருஷத்தில் அந்தக் கம்பெனிக்குள் எனக்குக் கிடைத்த முதல் மேசை.

"தவறுதலா ஒட்டிட்டேன், இனிமே கம்பெனிக்குள்ள ஒரு வரிகூட எழுத மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா நாளைக்கு வேன் ஏறாத" என்றார். பிறகு சீட்டைக் காட்டி, "இவங்க எல்லாரையும் தூண்டிவிட்டது நீதானே?" என்றார்.

"பழுதுச் சீட்டு வந்தா நம்பர் போடணும்னு நீங்கதானே மேடம் ட்ரெய்னிங் குடுத்தீங்க? சொன்னபடி செஞ்சிருக்காங்க" என்றேன்.

மேடம் தாளை என் பக்கம் நகர்த்தினார். வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எழுத மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எந்த முகத்தோடு திறப்பேன்? எழுதினேன்: "ஒட்டியது தவறுதலாக. எழுதியது தவறுதலாக அல்ல." கீழே என் நம்பரைப் போட்டேன்.

மேடம் இரண்டு தடவை படித்தார். வாங்கும் கம்பெனியின் ஆள் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார், அதனால் கத்த முடியவில்லை. "அந்தச் சீட்ட உரிச்சுட்டு சட்டைய அனுப்பு" என்று மட்டும் சொன்னார். உரித்தேன், அவர் கண் முன்னாலேயே ஏப்ரனுக்குள் ஒட்டிக்கொண்டேன்.

வேலையை விட்டுத் துரத்தவில்லை, நூல் வெட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே பேனா கிடையாது, டேப் கிடையாது, சின்னக் கத்தரி மட்டும்தான். சரி என்று மறுநாள் கொண்டைக்குள் ஒரு ரீஃபிலைச் செருகிக்கொண்டு போனேன். எழுத இடமா இல்லை? கை இருக்கிறது, மணிக்கட்டு இருக்கிறது. இன்னும் ஒன்றரை வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

அடுத்த வாரம் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து, இன்னொரு டோக்கன் மாட்டினார்கள். "இன்னாமா, ஒண்ணு ரெண்டாச்சு. இப்ப சந்தோஷமா?" என்றார் சூப்பர்வைசர்.

"முப்பத்தெட்டு பேர் இன்னும் நின்னுகினுதான் கீறாங்க சார்" என்றேன்.

பத்திரிகைப் பெண்ணுக்கு மேசைக்குப் பதிலாக அந்த நோட்டைத்தான் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினேன். முன் அட்டையின் உள்பக்கத்தில் அந்தச் சீட்டு, காலரின் வளைவோடு, பதினோரு நம்பரோடு இருக்கிறது. குமணன்சாவடியில் வேன் ஏறும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். இன்றைக்கும் இரண்டு டோக்கன்தான் என்கிறார்கள். பழுது சரியானால் செக்கர்தான் டிக் போட வேண்டும். நான் இன்னும் போடவில்லை.