ஒரே கிணற்றுக்கு மூன்று பெயர்

எண்ணெய் வயல் அலுவலகத்தில் அவளைத் 'தரகம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத பிரிவுகளை ஒரே கணினி அமைப்பில் சேர்த்துவைப்பது அவள் வேலை.

நிலத்தடியை ஆராய்கிறவர்கள் ஒரு கிணற்றுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். தோண்டுகிறவர்கள் அதற்கே வேறு எண் கொடுத்திருப்பார்கள். குழாய் போடுகிறவர்களின் படத்தில் அது இன்னொரு பெயரில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று, ஏச்சும் பேச்சும் வாங்கி, வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்துக்குக் கொண்டுவந்தாள்.

குழாய்ப் பிரிவின் தலைவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். புதிய அமைப்பின் தொடக்க விழாவில் முதலில் கைதட்டியவர் அவர்தான். மறுநாளே தன் பழைய படத்துக்குத் திரும்பிவிட்டார். கேட்டதற்கு, "பழகின செருப்பு கடிக்காதும்மா" என்று சிரித்தார்.

அந்தப் படத்தை வைத்துத்தான் பள்ளம் வெட்டச் சொன்னார். எப்போதோ மூடிய கிணறு ஒன்று அதில் இல்லை; புதிய வரைபடத்தில் சிவப்பாகவே குறித்திருந்தது. மண்வெட்டும் இயந்திரம் அதன் மூடியில் இடித்ததும் வாயு பீறிட்டுத் தீப்பிடித்தது. ஓட்டுநர் உயிர் பிழைத்தார். கைகள் இரண்டும் வெந்துபோயின.

புதிய அமைப்பில் அந்தக் கிணறே தெரியவில்லை என்று விசாரணையில் அத்தான் கூசாமல் சொன்னார். அவர் அந்த அமைப்பைத் திறக்கவே இல்லை என்று கணினிப் பதிவை வைத்துக் காட்ட அவளால் முடியும். மறுநாள் சாட்சி சொல்ல அவள் முறை. அன்று மாலை அக்கா வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். தன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போய்த் தங்கையைப் படிக்கவைத்தவள்.

"உனக்கு வேற வேலை கெடைக்கும். அவருக்கு இந்த வயசுல யாரு குடுப்பா? பொண்ணு கல்யாணம் வேற தலைக்கு மேல நிக்குது."

"அந்த டிரைவருக்குக் கை போயிருச்சுக்கா."

"நீ உண்மையச் சொன்னா கை திரும்ப வந்துருமா?"

மறுநாள், விவரங்களை ஏற்றும்போது தன் பக்கம் எங்கோ பிசகியிருக்கலாம் என்று சொன்னாள்.

அவளைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். புதிய அமைப்பையும் மூடிவிட்டார்கள். பிரிவுகள் பழையபடி ஆளுக்கொரு திசை. ஓட்டுநரைப் பார்க்க ஒருமுறை மருத்துவமனைக்குப் போனாள். "உங்க கம்ப்யூட்டர்தான் தப்பாமே" என்றார் அவர், கோபமில்லாமல். அவள் தலையாட்டினாள்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சொந்தம் என்றால் இவளைப்போல இருக்கவேண்டும் என்று அத்தான் வந்தவர்களிடமெல்லாம் அவளைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அவள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.