மூக்குத்தி இருந்த பக்கம்

தின்னர் வாசனை. ஸ்கூட்டருக்குப் பெயிண்ட் அடிக்கிற கடை எதைக் கடந்தாலும் இன்றைக்கும் கால் நின்றுவிடுகிறது. நடுவில் பிளேடு இருப்பதுபோல் கட்டைவிரல் தானாகச் சுட்டுவிரலைத் தேய்க்கிறது.

தொண்ணூறுகளில், மைசூர் விஜயநகரில், எங்கள் வீட்டு மாடி முழுக்க இந்த வாசனைதான். பழைய கண்ணாடிகளை வாங்கி வருவேன். முதுகில் பூசிய செங்காவிப் பூச்சைத் தின்னரால் இளக்கி, அடியிலிருக்கும் ரசத்தைப் பிளேடால் கீறுவேன். கீறிய இடத்தில் பின்னாலிருந்து வண்ணம் வைப்பேன். விடிந்ததும் கலைந்துபோகிற கனவுகளை அப்படித்தான் பிடிக்கப் பார்த்தேன். தண்ணீருக்குள் ஓடும் ஒரு பஸ். கதவே இல்லாத எங்கள் பழைய வீடு. எதிலும் மனம் நிற்கவில்லை. ஒன்று காய்வதற்குள் அடுத்தது. முகம் பார்க்கக்கூட வீட்டில் கண்ணாடி இல்லாமல் போய், சவரத்துக்கு சலூனுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்தது அம்மாவின் பீரோ கண்ணாடி. அம்மா இறந்தபின் அது தங்கையுடையது. அவள் கணவருக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வந்தபோது, அதைக் கழற்றி என்னிடம் எடுத்துவந்தாள்.

"அம்மா மொகத்த இதுல போட்டுக் குடு அண்ணா. போட்டோல இருக்கறது அம்மாவே இல்ல."

உண்மைதான். இருந்த ஒரே படத்தில், கல்யாணக் கும்பலுக்கு நடுவே, அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"தப்பாப் போச்சுன்னா? ரசம் போனா போனதுதான்டி."

"உன் கனவுல வர்றா. எனக்கு வர்றதே இல்ல. அங்க போய் மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

அதன்பின் பிளேடு ஓடவில்லை. கை வைப்பேன், எடுப்பேன், மாடியில் நடப்பேன். சலூனுக்கும் போகாமல் தாடி வளர்ந்தது. கண்ணாடியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றுவேன். அதில் தெரிகிற சாமுண்டி மலையும் கூடவே இடம் மாறும். அவர்கள் கிளம்பும் நாள் வந்துகொண்டே இருந்தது.

ஒரு விடியலில் அம்மா வந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, உருட்டிய சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு. வலது மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி. எழுந்தேன், முகம்கூடக் கழுவவில்லை, பார்த்ததைப் பார்த்தபடியே கீறினேன். வண்ணமும் வைத்தாயிற்று. முன்பக்கம் திருப்பியபோதுதான் தப்பு தெரிந்தது.

கண்ணாடியின் முதுகில் வேலை செய்கிறவன் வலத்தை இடமாக மாற்றிப் போட வேண்டும். அரிச்சுவடிப் பாடம். நான் மாற்றவில்லை. மூக்குத்தி இடது மூக்கில் மின்னியது. கன்னத்து மருவும் அந்தப் பக்கம் போய்விட்டது.

தங்கை வந்தபோது போர்வையால் மூடப் பார்த்தேன். பிடுங்கிவிட்டாள்.

"எல்லாம் பக்கம் மாறிப்போச்சு. கெடுத்துட்டேன்."

"பிடு அண்ணா," என்றாள். அவசரத்தில் 'விடு' என்பதற்குக்கூட அவளுக்குக் கன்னடம்தான் முந்தும். "சும்மா இரு. பாக்க விடு."

கண்ணாடி முன்னால் தரையில் சம்மணமிட்டாள். கீறாமல் விட்ட ரசத்தில் அவள் முகம். அதற்கு மேலே அம்மா.

"உனக்கு எங்க தல பின்னிவிட்டா? எனக்குப் பின்னிவிட்டா. தெனமும் இதே கண்ணாடி. பின்னாடி நின்னுட்டு, ஹேர்பின்னப் பல்லுல கடிச்சிட்டு, 'ஆடாத கண்ணு'ம்பா. கண்ணாடிக்குள்ள நான் பாத்த அம்மாக்கு மூக்குத்தி இந்தப் பக்கந்தான்."

சொல்லிவிட்டு, பின்னுவதற்குக் கொடுப்பதுபோல் தலையை லேசாகச் சாய்த்தாள்.

அவளுக்கு அம்மா கிடைத்துவிட்டாள். எனக்குத்தான் அன்றிலிருந்து குழப்பம். கனவில் வருகிற முகம் எதிரே உட்கார்ந்த முகமா, நான் கீறிய முகமா? விழித்ததும் மூக்குத்தியைத் தேடுகிறேன், அதற்குள் கலைந்துவிடுகிறது.

ஸ்டேஷனில், ஜமக்காளத்தில் சுற்றிய கண்ணாடியை யாரையும் தொடவிடாமல் மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வண்டி அசைந்தது. ஜன்னல் கம்பி வழியாக என் தாடியைப் பிடித்து இழுத்தாள்.

"வீட்ல மொகம் பாக்க ஒரு கண்ணாடியாவது மிச்சம் வை அண்ணா."