ஆறாம் அறையை எழுப்பிய இரவு

பதினொரு வருடம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய விடுதியில் இரவு வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட மேசையில் கண்ணயர்ந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என்னிடம் இருந்த ஒரே பெருமை அதுதான். அதைத்தான் எங்கள் மேனேஜர் பறித்தான்.

கப்பலேற வருபவர்கள் தங்குவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய விடுதி அது. உள்ளே நுழைந்ததும் ஒரு கரும்பலகை இருக்கும். விடியுமுன் எழும்ப வேண்டியவர்கள் அறை இலக்கத்தையும் நேரத்தையும் அதில் எழுதிவிட்டுப் படுப்பார்கள். இரவு வேலைக்காரன் போய்க் கதவைத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து குரல் கேட்ட பிறகுதான் கீழே வந்து இலக்கத்தை அழிக்கலாம், வான் சாரதிக்குப் போன் பண்ணலாம். கப்பல் போய் விமானம் வந்தும் அந்த வழக்கம் மாறவில்லை. இப்போது தங்குபவர்கள் வடக்கிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறவர்கள்.

அப்படித்தான் முல்லைத்தீவிலிருந்து ஓர் அம்மா தனியாக வந்தார். லண்டனில் மகளுக்குப் பிரசவம். நான் இரவு எட்டு மணிக்கு வேலைக்கு வரும்போது அவர் படுத்துவிட்டார். பலகையில் அவருடைய அறை இலக்கம் இல்லை. காலையில் தலைகூட வாராமல் அவர் இறங்கி ஓடி வந்தபோது விமானம் போய்விட்டிருந்தது.

"பலகையில எழுதிப்போட்டு உம்மை நம்பித்தானே தம்பி படுத்தனான்," என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உண்மையை அறை கூட்டும் பெண் ஒரு வாரம் கழித்துச் சொன்னாள். அன்று மாலை முதலாளி பழைய பலகையைப் படமெடுக்க வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டி வந்தாராம். மேனேஜர் ஈரத்துணியால் அதைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, அவர்கள் போன பிறகு ஞாபகத்தில் இருந்ததைத் திரும்ப எழுதினானாம். ஒன்று விடுபட்டுவிட்டது. மறதி யாருக்கும் வரும், அதை மன்னிப்பேன். ஆனால் மறுநாள் காலையில் முதலாளி முன்னால் நின்று, "அண்ணை நித்திரையாப் போயிட்டார் சேர்," என்று கூசாமல் சொன்னானே, அதை எப்படி மன்னிப்பது?

வேலை வேண்டுமென்றால் நித்திரை கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். போட்டேன். அந்தக் கடிதத்தை அவன் பலகைக்குக் கீழே ஒட்டினான், மற்றவர்களுக்குப் பாடமாம். உண்மை தெரிந்த பிறகு முதலாளியிடம் போனேன். "கையெழுத்து உங்கட தானே?" என்றார். அதோடு கதை முடிந்தது.

அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. ஒவ்வொரு இரவும் ஒருமுறை வாசிப்பேன். கோபம் ஆறிவிடக் கூடாது அல்லவா?

ஏழு மாதம் கழித்து மேனேஜருக்குக் கனடா விசா சரிவந்தது. கல்கிசை வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைசி இரவு விடுதியில் தங்க வந்தான். ஆறாம் அறை, இரண்டரை மணி என்று தன் கையாலேயே பலகையில் எழுதினான்.

"அண்ணை, மறக்காம எழுப்புங்கோ."

"பலகையில இருந்தா எழுப்புவன் சேர்," என்றேன். பலகை துடைக்கிற துணியை எடுத்து அவன் பார்க்க மேசையில் மடித்து வைத்தேன்.

அவன் முகம் செத்துப்போனது. பதினொரு மணிக்குத் தண்ணீர் கேட்டு இறங்கி வந்து பலகையைப் பார்த்தான். பன்னிரண்டுக்குப் பாஸ்போர்ட்டைத் தேடுவதாக வந்தான். ஒரு மணிக்குக் காரணம் சொல்லாமலே வந்தான். எனக்கு அப்படி இனித்தது. கடைசியில் போனை மேலே சார்ஜில் விட்டுவிட்டு, பலகைக்கு எதிரே கதிரையைப் போட்டுக் காவல் இருந்தான். இரண்டு மணிக்குக் குறட்டை விட்டான்.

இரண்டரைக்கு மேலே ஆறாம் அறையில் அவனுடைய போன் அலாரம் அடித்தது. கேட்டது நான் மட்டும். ஓய்ந்து, திரும்பவும் அடித்தது. கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் இருந்தேன். அப்படியே விட்டிருப்பேன். விட்டால் அந்தக் கடிதம் உண்மையாகிவிடும், கிழவன் மறுபடியும் நித்திரை கொண்டுவிட்டான் என்பார்கள். அதனால்தான் தோளைத் தட்டினேன்.

அடித்துப் பிடித்துக்கொண்டு எழும்பி, மேலே ஓடிப் பெட்டிகளை இழுத்து வந்தான். வாசல் கதவு பூட்டியிருந்தது, அதன் திறப்பு என் இடுப்பில் இருந்தது. வானுக்கும் நான் இன்னும் போன் பண்ணவில்லை. கடிதத்தை உரித்து, பேனையோடு அவன் முன்னால் வைத்தேன்.

"விளையாடாதேங்கோ அண்ணை, கதவைத் திறவுங்கோ!"

"நடந்ததை எழுதினாத் திறப்பன்."

மணிக்கூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, பலகையைத் துடைத்தது தான்தான் என்றும், நான் நித்திரை கொள்ளவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வானை அழைத்தேன், கதவைத் திறந்தேன். அவன் போனதும் பலகையில் ஆறாம் இலக்கத்தை அழித்துவிட்டுக் கடிதத்தைப் பழைய இடத்திலேயே ஒட்டினேன்.

விடிந்ததும் பதிவேட்டில் முல்லைத்தீவு அம்மாவின் இலக்கத்தைத் தேடிப் போன் பண்ணினேன். அவருடைய விசா முடிந்து, மறுபடி கேட்டும் கிடைக்கவில்லையாம். பேரப்பிள்ளையைப் போனில்தான் பார்க்கிறாராம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, ஈரத்துணி, கனடா, கடிதம்.

"அப்ப அவனை நேரத்துக்கு எழுப்பினனீரோ?"

"ஓம் அம்மா."

"ஏன் தம்பி எழுப்பினனீர்?" என்று கேட்டார்.