செவத்தியக்கா எப்படியும் ஜெயிச்சிரும்

ஒத்தவேலம்பட்டியில் செபாஸ்தியம்மாளை அந்தப் பெயரில் கூப்பிடுகிறவர் பங்குச் சாமியார் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் அவள் செவத்தியக்கா. சாணார்பட்டிக்குக் கிழக்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற அந்த ஊரில் மாவு மில் வைத்திருக்கிறாள். அரிசி, கேப்பைக்கு ஒரு மிஷின், மிளகாய்க்கு ஒரு மிஷின். புருஷன் வீரன் கொத்தனார், அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டுக்குத் தேவையான பேச்சு மொத்தத்தையும் அவளே பேசிவிடுவதால் அவருக்கு அதில் சிரமம் இருந்ததில்லை.

ஊருக்குள் வரவேண்டிய டவுன் பஸ், முக்கு ரோட்டிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. மனுக் கொடுத்துக் கொடுத்து ஊர்க்காரர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஒருநாள் பேகம்பூர் மன்சூர் பாயின் சாப்பாட்டுக் கடைக்கு அரைத்த மிளகாய்த்தூள் மூட்டையோடு செவத்தியக்கா முக்கில் பஸ் ஏறினாள். ஊருக்குள் போய்த் திரும்பச் சொன்னாள். டிரைவர் காதில் வாங்கவில்லை. அவள் முன் சீட்டில் உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்து, வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டாள். சூடு ஆறட்டும் என்றுதான் அவிழ்த்ததாக இன்றைக்கும் சொல்கிறாள். முதலில் தும்மியவர் டிரைவர். அடுத்து கண்டக்டர். அதற்குப் பிறகு பஸ்ஸில் தும்மாதவர்கள் யாரும் இல்லை, அவளைத் தவிர. கண்ணீரும் மூக்குமாக வண்டி ஊருக்குள் வந்து திரும்பியது. அன்றிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்படிப்பட்டவள் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்க வேண்டும் என்று ஊர் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. மாயம்மாள்தான் முன்னால் நின்றாள். பக்கத்துத் தெருக்காரி; மில்லுக்குத் தினமும் எதையாவது அரைக்க வந்துவிட்டு, அரைத்தது ஆறிய பிறகும் போகாதவள். அவள் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து, சம்மதம் சொல்லாவிட்டால் இனி மாவு அரைக்க நத்தத்துக்குப் போவோம் என்று மிரட்டினாள். செவத்தியக்கா மனுத் தாக்கல் செய்தாள்.

பிரசாரம் திருவிழா மாதிரி நடந்தது. அவள் யாருக்கும் டீ கூட வாங்கித் தரவில்லை. அவளுக்குத்தான் வீட்டுக்கு வீடு காபி கொடுத்தார்கள். திண்டுக்கல்லில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் மகன் ஆல்வின் லீவு போட்டு வந்து எல்லாவற்றையும் படம் பிடித்தான். படத்தில் ஊரே தெரிந்தது. பக்கத்து ஊரிலிருந்து மில்லுக்கு வந்த சனமும் சேர்ந்து தெரிந்தது என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

எதிர்த்து நின்றவர் நாச்சிமுத்து. தேங்காய் வியாபாரி, சாது. ஏற்கெனவே இரண்டு தேர்தலில் தோற்று, தோற்பதில் கை பழகியவர். அவருக்காகக் கூட்டம் கூடவில்லை, மைக் கட்டவில்லை. அவர் மனைவி ராமுத்தாய் மட்டும் வெயில் தாழ்ந்ததும் ஒரு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"செவத்தியக்கா எப்படியும் ஜெயிச்சிரும். அதுக்குத்தேன் போடணும், நானே சொல்றேன். இந்த மனுசன் மூணாவது தடவையும் டெபாசிட் போயிருச்சுன்னா நாண்டுக்கிட்டு நிப்பாரு போல இருக்கு. ஒங்க வீட்ல ஒத்த ஓட்டு மட்டும் இங்கிட்டுப் போடுங்க தாயி."

கேட்டவர்கள் உருகினார்கள். ஒன்றுதானே என்றார்கள். மலைபோல ஓட்டு விழப்போகிற இடத்தில் ஒன்று குறைந்தால் என்ன?

ஓட்டுப் போடும் நாளில் ஆல்வின் ஓர் ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருந்தான். கண்மாய்க்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களை அழைத்து வரத்தான் அது. ஆனால் மத்தியானத்துக்குள்ளேயே வெற்றி உறுதி என்று பேச்சு வந்துவிட்டதால், அதே ஆட்டோ மேளக்காரருக்கும் பிரியாணி மாஸ்டருக்கும் சொல்லி வர டவுனுக்குப் போனது. தோட்டத்துக்காரர்கள் செத்த நேரம் எதிர்பார்த்தார்கள். பிறகு, அதுதான் ஜெயிக்கப் போகுதே, நாம் போய்த்தானா என்று செவ்வந்தி பறிக்கத் திரும்பிவிட்டார்கள்.

எண்ணிக்கை சாணார்பட்டியில் நடந்தது. ரோஸ் கலர் சீட்டுகளைப் பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்கி முடித்தபோது, நாச்சிமுத்து முப்பத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்திருந்தார். அதைக் கேட்டு முதலில் பயந்தவரும் அவர்தான். அதிகாரியிடம் போய், சரியாகப் பாருங்கள் என்று கேட்டார். ஜெயித்தவர் மறு எண்ணிக்கை கேட்டதை அங்கே யாரும் அதுவரை பார்த்ததில்லை.

ஊரில் இதைவிடப் பெரிய குழப்பம். நாச்சிமுத்து வீட்டில் ஒரு மாலைகூடக் கிடையாது; வெடி கிடையாது; வந்தவர்களுக்குக் கொடுக்கத் தண்ணீர்தான் இருந்தது. செவத்தியக்கா வீட்டு முன்னாலோ இரண்டு அண்டாவில் பிரியாணி தம்மில் கிடந்தது. மேளக்காரர்கள் யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆல்வின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். செவத்தியக்கா கொஞ்ச நேரம் மில்லில் தனியாக, ஓடாத மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஆல்வின் வாங்கி வைத்திருந்த மாலையை எடுத்து நாச்சிமுத்து கழுத்தில் போட்டாள். மேளத்தை அடிக்கச் சொன்னாள். வெற்றி ஊர்வலம் தோற்றவள் வீட்டில் வந்து சாப்பிட்டு முடித்தது. எலும்பு மட்டும் மிச்சம்.

மறுநாள் மாயம்மாள் அரைக்க எதுவும் இல்லாமலே மில்லுக்கு வந்தாள். அழுதாள்.

"எங்க வீட்ல நாலு ஓட்டுக்கா. மூணு ஒனக்கு விழுந்திரும், நம்ம ஒண்ண அந்தப் பாவத்துக்குப் போடுவோம்னு போட்டுட்டேன். நேத்து ராவுலதேன் தெரியிது, அவுகளும் அப்படித்தேன் நெனச்சாகளாம். மகனும் மருமகளும் அதே மாதிரியாம்."

ஆக நாலும் அங்கே. செவத்தியக்கா அவளையே பார்த்தாள். பிரசார ஊர்வலத்தில் தட்டியைப் பிடித்து முன்னால் நடந்தவள் இவள்தான்.

அடுத்தடுத்து ஒவ்வொருவராக வந்தார்கள். தூக்குவாளியைக் கீழே வைப்பார்கள், எதையோ பார்ப்பார்கள், பிறகு சொல்வார்கள். அவளுக்கு இது பழகி, யாராவது வாளியை வைத்ததுமே, நீங்களும் ஒண்ணா என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். மிளகாய் அரைக்க வந்து ஒப்புக்கொண்டவர்களை மட்டும் மிஷினுக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்து அனுப்பினாள். தும்மிக்கொண்டே போனார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, வீரன் தட்டைப் பார்த்தபடி தொண்டையைக் கனைத்தார்.

"நாச்சிமுத்து என்கூடப் படிச்சவன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.  அவர் தட்டில் வெறும் சோற்றைப் போட்டுவிட்டு, கறிக்குழம்புச் சட்டியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வெஞ்சனம் எங்கே என்று அவர் கேட்டார்.

"ஓட்டுப் போன வீட்டுக்கே வெஞ்சனமும் போகுது. வேணும்னா அங்கிட்டுப் போய்ச் சாப்டுங்க."

நிஜமாகவே நாச்சிமுத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். புதுத் தலைவர் வீட்டில் இல்லை. கண்மாய்க்கரைக் குழாய் உடைந்ததற்கு யாரிடம் சொல்வதென்று தெரியாமல், அவர் செவத்தியக்காவைத் தேடி மில் பக்கம் போயிருந்தார். ராமுத்தாய் மட்டும் சட்டியை வாங்கிக்கொண்டு நின்றாள். செவத்தியக்கா ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டாள்.

"ராமுத்தாயி, கோவப்பட மாட்டேன், நெசத்தச் சொல்லு. டெபாசிட்டுக்குத்தேன் கேட்டியா, இல்ல ஜெயிக்கவே கேட்டியா?"

ராமுத்தாய் சட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"மொத தெரு முடியிற வரைக்கும் டெபாசிட்டுக்குத்தேன்க்கா. எல்லாரும் அம்புட்டு லேசாத் தலையாட்டுறதப் பாத்த பெறகு, ரெண்டாவது தெருவுல இருந்து வேற நெனப்பு வந்திருச்சு."

செவத்தியக்கா வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்காமல், ராமுத்தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

நாச்சிமுத்துவின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் எப்போது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மறுபடி நிற்பியா என்று மில்லுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நிற்பேன், ஆனால் எனக்கு ஓட்டுக் கேட்க ராமுத்தாய் வரணும் என்கிறாள். சொல்லி அனுப்பியும் விட்டாள். ராமுத்தாய் இதுவரை பிடிகொடுக்கவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாளாம்.