வெளியே உட்காரச் சொன்னேன்

எனக்கு நல்ல குரல் இருந்தது. இப்போது இல்லை என்பதால் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு, எண்ணூர்ப் பக்கம் எங்கள் சின்ன மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் வாசித்துவந்தவன் நான்தான். பூசை முடிந்து வாசலில் யாராவது ஒருவர் "இன்னிக்கு நல்லா படிச்சீங்க" என்று சொல்லாவிட்டால் அன்று மத்தியானச் சோறு இறங்காது.

கொரோனா ஓய்ந்து கோயில் திறந்த புதிது. ஒருவர் தும்மினால் நாலு பேர் தள்ளி உட்கார்ந்த காலம். நெட்டுக்குப்பத்திலிருந்து ஒருவர் பூசைக்கு வருவார். முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிப்பவர். அவருக்குத் தீராத இருமல். எங்கள் பக்கம் இருமல் ஒன்றும் புதிதல்ல. மாடியில் காயும் துணியை அனல்மின் நிலையச் சாம்பல் உதறித்தான் மடிக்கிறோம். ஆனால் இவருடைய இருமல் மட்டும் சரியாக என் வாசகத்தின் நடுவில் வரும். வேண்டுமென்றே இருமுகிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன். அவ்வளவு கர்வம்.

ஒரு ஞாயிறு, முதல் வாசகம் முடிந்து பதிலுரைப் பாடல் நடக்கும்போது மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் காதருகே குனிந்தேன்.

"அண்ணா, வெளிய படியில குந்திக்கோங்க. ஸ்பீக்கர்ல எல்லாம் கேக்கும்."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். நான் திரும்பி வந்து, சற்று நேரத்தில், நோயாளிகளுக்காக மன்றாடினேன். குரல் கணீரென்று இருந்தது.

அதன்பிறகு அவர் உள்ளே வந்து உட்காரவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் படியில், செருப்புகளுக்குப் பக்கத்தில். மழை பெய்தால் சைக்கிள் கொட்டகைக்கு நகர்வார். நற்கருணை அப்பத்துக்கு மட்டும் வரிசையில் கடைசி ஆளாக வந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். உள்ளே வாங்க என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. சொல்லவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் கெட்டுவிட்டது, இனி மருந்தோடுதான் காலம் என்றார்கள். ஒரு ஞாயிறு வாசகத்தின் நடுவில் இருமல் வந்தது. நிற்கவே இல்லை. கண்ணில் நீர் வழிய மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் ஒரு தாய் தன் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். வேறொருவர் வந்து மீதியை வாசித்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே போய்ப் படியில் உட்கார்ந்தேன். அவமானம் தாங்கவில்லை, அதுதான் காரணம். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"இந்தாண்ட குந்து நைனா. அந்தாண்ட லாரி தூசி."

பூசை தொடங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கன்டெய்னர் லாரிகளின் சத்தம்தான் கேட்டது. ஸ்பீக்கர் ரிப்பேரா என்று கேட்டேன்.

"அது எப்பவும் அப்டித்தான். இங்க ஒண்ணும் கேக்காது. உள்ள எழுந்தா நானும் எழுந்துப்பேன், முட்டி போட்டா போடுவேன்."

இரண்டு வருடம். நான் வாசித்ததில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு அழுகை வந்தது. "அன்னிக்கு நான் உங்கள..." என்று ஆரம்பித்தேன். இருமல் மறித்தது. அவர் தன் பாட்டிலை நீட்டினார்.

"சுடுதண்ணி. மெதுவா குடி. பேசாத, இன்னும் பேஜாராப் பூடும்."

அன்றிலிருந்து வாசகப் புத்தகத்தைப் படிக்கே எடுத்துப் போனேன். அவருக்கு மட்டும் கேட்கும்படி வாசிப்பேன். நான் இருமினால் அவர் காத்திருப்பார், அவர் இருமினால் நான். ஆஸ்பத்திரிக்கும் ஒரே பஸ்ஸில் போனோம். அவரால் நிற்க முடியாத நாளில் இரண்டு பேர் ஓ.பி. சீட்டையும் வைத்துக்கொண்டு நானே வரிசையில் நின்றேன். நோயாளிகள் என்பது அதுவரை எனக்கு வாசிக்கிற ஒரு வரியாகத்தான் இருந்தது.

உள்ளே போகலாமா என்று ஒருமுறை கேட்டேன். "சின்னப் புள்ளைங்க கீதுங்க நைனா, வேணாம்" என்றுவிட்டார். ஃபாதரிடம் சொல்லிக் கடைசி ஜன்னலோரம் அவருக்கு ஓர் இடம் கேட்டிருக்கலாம். அவரை வெளியே அனுப்பியது யார் என்று ஃபாதர் கேட்பாரே என்று தள்ளிப்போட்டேன். பனிக்காலம் வந்தது. அவர் மூச்சு நின்றுவிட்டது. பெட்டியில்தான் உள்ளே வந்தார். பீடத்துக்கு முன்னால், நட்டநடுவில் வைத்தார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது அவர் மனைவி என்னிடம் வந்தார்.

"நீங்கதானே அந்த அண்ணன்? அவுரு சொல்லிக்கினே இருப்பாரு. மூச்சு வாங்குதுன்னு நானாத்தான் வெளிய குந்திக்கினேன், பாவம், எனக்குத் தொணையா உள்ளேருந்து ஒருத்தர் எழுந்து வந்தாருன்னு."

அவர் வீட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"இல்லம்மா" என்றேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினேன். எனக்கு இருமல்தான் வந்துவிட்டது என்று நினைத்து, அந்த அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.