நாற்காலிக்கு ஓர் இடது கை

சனிக்கிழமை காலையில் ஊசி அக்கா கார் ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். வேலை முடிந்த பிறகு பெருக்குவதுதான் உலக வழக்கம். இவள் வேலை தொடங்குமுன் பெருக்குவாள். போன வாரத்து மர இழைப்புச் சுருள்கள் வாரம் முழுக்க அங்கேயே கிடக்கும். செருப்பில் ஒட்டிக் கூடத்துக்கு வரும், சோபாவுக்கு அடியில் குடிபுகும், ஒருமுறை அப்பாவின் தேநீரில்கூட மிதந்தது. கேட்டால், "பெருக்கும்போதுதானே போன வாரம் என்னத்தக் கிழிச்சோம்னு தெரியுது" என்பாள்.

துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து ஒரு சுருளை எடுப்பாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ரிப்பன் மாதிரி நீளமாக வந்திருந்தால் இழைப்புளி கூராக இருக்கிறது. பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால், அன்றைக்கு முதல் வேலை அதன் தகட்டைச் சாணைக்கல்லில் தீட்டுவது. கழிவைப் பார்த்து நோயைச் சொல்கிற புத்தி, தொழிலில் இருந்து வந்தது.

தொழில், ரத்தம் எடுப்பது. பரிசோதனைக் கூடம் விடியும்போதே திறந்துவிடும். வெறும் வயிறும் கடுகடுத்த முகமுமாக வந்து உட்காருகிறவர்களிடம், "கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். அவர்கள் பார்த்துத் திரும்புவதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். குண்டுக் கை, குழந்தைக் கை, தொட்டாலே நரம்பு ஓடி ஒளிகிற வயசான கை எல்லாம் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் "பாக்கலாம்" என்றவள், பார்க்காமலே ஐம்பதைத் தாண்டிவிட்டாள். வீட்டில் அவளும் அப்பாவும். கார் வாங்குவோம் என்று கட்டிய ஷெட்டில் கார் வரவே இல்லை. ரம்பமும் உளியும் வந்தன.

'ஊசி அக்கா' என்று பெயர் வைத்தது அவளுடைய வாட்ஸ்அப் குழு. வார இறுதியில் ஆசைக்கு மரவேலை செய்கிறவர்களின் கூட்டம் அது. பேருக்குக்கூட ஒரு தச்சர் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஞாயிறு சாயங்காலம் செய்ததைப் படமெடுத்துப் போட வேண்டும். கெட்டுப்போனதையும் போட வேண்டும். அதில் யாருக்கும் சலுகை இல்லை.

குழுவில் அதிகம் பேசுகிறவர் ஒரு பஸ் டிரைவர். குருவிக்கூடு தவிர வேறு எதுவும் செய்ய மாட்டார். மொட்டை மாடியே ஒரு காலனி ஆகிவிட்டது, இன்னும் ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை. "வாடகை ஜாஸ்தியோ என்னவோ" என்பார் குழுவில் இருக்கும் ஒரு பல் டாக்டர். அந்த டாக்டரோ மாதம் தவறாமல் ஓர் உளி வாங்குவார், தீட்டுவார், பளபளவென்று படம் போடுவார். அவர் உளிகள் இதுவரை மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. "இந்த வாரமாச்சும் ஏதாவது ஒரு கட்டைக்குப் பல்லு புடுங்குங்க டாக்டர்" என்று டிரைவர் எழுதுவார்.

ஊசி அக்கா எழுதுவது ஒரே வரி. "இந்த வாரம்: முன்னங்கால் ரெண்டு." அடுத்த வாரம், "பின்னங்கால் ரெண்டு." மற்றவர்களின் திட்டம் மழையிலும் விருந்தாளியிலும் அடித்துக்கொண்டு போகும். இவள் சொன்னது ஞாயிற்றுக்கிழமை படமாக வந்துவிடும். கொஞ்ச நாளாக அவள் செய்துகொண்டிருந்தது ஒரு நாற்காலி. அது அப்பாவுக்கு.

அப்பா, சினிமா தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவர். வேலைக் காலம் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாமல் இருட்டறையில் நின்றவர் என்பதால் பேச்சில் சிக்கனம். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் இறங்கிவிட்டது, முழங்கால்களும் தளர்ந்துவிட்டன. எழுந்து நின்றுவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பார். எழுவதுதான் பெரும்பாடு. அக்கா வேலைக்குப் போன பிறகு, பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பி வந்து அவரைத் தூக்கி நிறுத்துவான். அக்குளுக்குள் கையைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் தகப்பனும் மகனும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

நாற்காலி தொடங்குவதற்கு முன் ஒரு நாள் தம்பி சமையலறைக்கு வந்து மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, நான் குறை சொல்றேன்னு நினைக்காத. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. நேத்து ரெண்டு பேரும் சேந்து விழுந்திருப்போம், ஒரு நூல்ல தப்பிச்சோம். நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு பாத்திருக்கேன். சுத்தமா இருக்கு. தூக்கிவிட ஆள் இருக்காங்க."

"அவருக்கு ஆள் வேணாம்டா. நாற்காலிதான் வேணும்."

"கடையில இல்லாத நாற்காலியா?"

"வாங்கிப் பாத்தாச்சே."

வாங்கியதில் ஒன்று பிளாஸ்டிக். அழுத்தி எழப் போனால் பின்னால் சறுக்கியது. இன்னொன்று ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி, குழாய்க் காலும் ரப்பர்க் கைப்பிடியுமாக இருந்தது. அப்பா அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல உக்காந்தா நான் பேஷண்ட்" என்றார். உட்காரவே இல்லை.

"சரி. நீயே செய். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். அவரா எந்திரிச்சார்னா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா அந்த இல்லத்துக்காரங்ககிட்ட வரோம்னு சொல்லிடுவேன். நீ அப்ப அழக் கூடாது."

"அழறதுக்கு எனக்கு எங்கடா நேரம்?"

உள்ளறையில் அதுவரை உரக்க ஓடிக்கொண்டிருந்த டிவி, பேச்சின் நடுவில் எப்போதோ சத்தம் குறைந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அளவெடுப்பதற்கு அவள் டேப்பைத் தொடவில்லை. ஒரு ஸ்டூலின் மேல் பலகைத் துண்டுகளை அடுக்கி அப்பாவை உட்கார வைத்தாள். எழச் சொன்னாள். முடியவில்லையென்றால் இன்னொரு துண்டு. "என்ன, என்னை ஏலம் விடறியா?" என்றார் அப்பா. எந்த உயரத்தில் முழங்கால் ஒத்துழைத்து எழ முடிந்ததோ அதுதான் இருக்கையின் உயரம். அவர் சாப்பிட்டு எழும்போது கை எங்கே போகிறது என்றும் பார்த்து வைத்தாள். இடது உள்ளங்கை மேஜை விளிம்பை அழுத்தி உடம்பை மேலே தள்ளும். வலது கை சும்மா கூடவே வரும். ஆகவே நாற்காலியின் கைகள் கனமாக, முன்முனையில் உருண்டு, பிடிக்குத் தோதாகக் குழிந்து இருக்க வேண்டும். பழைய கதவு ஒன்றை விலைக்கு வாங்கி அறுத்தாள். கணக்குப் பார்த்தால் ஒரு துண்டு கூடுதல் இல்லை, குறைவும் இல்லை.

கைகள் செய்த வாரம்தான் அது நடந்தது. அட்டையில் ஓர் அச்சு வெட்டி, சனிக்கிழமை ஒரு கையை முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை அதே அச்சை வைத்து இன்னொன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். பெருமை தாங்காமல் படமெடுத்து, "ரெண்டும் மயிரிழை வித்தியாசம் இல்ல, பாருங்க" என்று போட்டாள்.

டிரைவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. தயங்கித் தயங்கிப் பேசினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்றீங்க. அப்படி இருக்கக் கூடாதே?"

டாக்டருக்குத் தயக்கமெல்லாம் கிடையாது. "ஐயையோ! ரெண்டும் சோத்துக்கையா போச்சே!"

ஊசி அக்கா தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, விரித்து, பலகைகளுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். இடது கைக்கு அச்சைத் திருப்பிப் போட்டு வரைந்திருக்க வேண்டும். அவள் திருப்பவில்லை. நாள் தவறாமல் மனிதர்களின் இரண்டு கைகளையும் பார்க்கிறவள், இரண்டு வலது கை செய்து வைத்திருந்தாள். ஒன்றை அப்படியே புரட்டிப் போட்டுப் பொருத்தவும் முடியாது. உருட்டிய மேல்பக்கம் அடியில் போய்விடும், கால் சொருகும் துளை ஆகாயத்தைப் பார்க்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வரி வந்தது. "இந்த வாரம்: இடது கை."

"புதுசா எதுக்கு? இருக்கறதையே எப்படியாவது மாட்டி மேல ஒரு குஷன் தைச்சுடுங்க. யாருக்குத் தெரியும்?" என்றார் டாக்டர்.

"அப்பாவுக்குத் தெரியும். அவர் எந்திரிக்கறதே இடது கையிலதான் டாக்டர்."

"மரம் இருக்காக்கா?" என்று டிரைவர் கேட்டார். "என்கிட்ட ஒரு தடிமனான பலகை கிடக்கு. ஆனா ரெண்டு நாளும் டூட்டி. திங்கக்கிழமை கொண்டாந்து தரட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை தம்பி வரான். திங்கக்கிழமை எனக்கு எதுக்கு?"

சனிக்கிழமை காலை பழைய மரம் விற்கிறவரிடம் போனாள். இருந்ததெல்லாம் மெல்லிசு, ஒட்டிச் சேர்த்தால் காய்வதற்கே நாள் பிடிக்கும். வெறுங்கையோடு திரும்பி ஷெட்டுக்குள் நின்றாள். எதிரில் அவளுடைய வேலை மேஜை. அவள் முதன்முதலாகச் செய்த சாமான். ஒரு கால் குட்டை, அதற்கு அட்டை முட்டு. அதன் முன்பலகை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கனம். உளி வழுக்கிய தழும்பு, ரம்பம் இறங்கிய கோடு, பசைச் சொட்டு, எல்லாம் அதன்மேல்தான்.

மேஜைமேல் இருந்ததையெல்லாம் தரையில் இறக்கினாள். போல்ட்டுகளைக் கழற்றினாள். முன்பலகை கையோடு வந்ததும் மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

காலையில் அவளே தூக்கி நிறுத்தியிருந்த அப்பா, ஷெட் கதவைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"மேஜையையா அறுக்கற?"

"ஆமா."

"அப்புறம் எதுல வச்சு வேலை செய்வ?"

"தரையில."

"முதுகு போயிடும்."

"போகட்டும். உங்க தோளோட அது ஜோடி சேரட்டும்."

அப்பா சிரித்தாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அச்சைப் பலகையில் வைத்தாள். திருப்பிப் போட்டாள். தன் இடது கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அதுவும் போதாதென்று அப்பாவைக் கிட்டே கூப்பிட்டு, அவர் இடது கையைப் பிடித்து வைத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் பென்சிலை எடுத்தாள்.

பலகையைத் தரையில் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு அறுத்தாள். ரம்பம் இரண்டு முறை சிக்கியது. மெழுகு தடவி மறுபடி இழுத்தாள். குழிவை உளியால் தோண்டி, இழைத்து, உப்புத்தாள் போட்டுக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். பழைய உளித் தழும்பு ஒன்று முன்முனையில் மாட்டிக்கொண்டது. அதை அழிக்கப் போனால் கனம் குறையும். விட்டுவிட்டாள். பொழுது சாய்வதற்குள் பசை போட்டு, பொருத்தி, கிளாம்பால் இறுக்கிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது.

குழுவுக்குப் படம் போனது. நாற்காலியைவிட, பின்னால் பல்லுப் போன வாய் மாதிரி நின்ற மேஜையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். "அக்கா, மேஜையையே வெட்டிட்டீங்களா!" என்றார் டிரைவர். டாக்டர், "புது மேஜை செய்யறப்ப சொல்லுங்க. என் உளியெல்லாம் சும்மாதான் கிடக்கு" என்று எழுதினார்.

ஞாயிறு சாயங்காலம் தம்பி வந்தான். கூடத்து ஜன்னலோரம் இருந்த நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். "ஆடல" என்றான், குறை கண்டுபிடித்தவன் குரலில். ஒரு கை ஒரு நிறமாகவும் மற்றது வேறு நிறமாகவும் இருப்பதைப் பார்த்தான். விரலால் ஒருமுறை தடவினான்.

அக்காதான் அப்பாவைப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். தேநீர் வந்தது. எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி மாற்றுவதைப் பற்றிப் பேசினார்கள். தம்பி மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினார்கள். எந்தப் பேச்சும் நாற்காலிக்குக் கிட்டே வரவில்லை. டம்ளர்கள் காலியாயின.

"என்னப்பா, நாற்காலி எப்படி இருக்கு?" என்றான் தம்பி.

அப்பா டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டார். இடது உள்ளங்கை முன்முனைக் குழிவில் போய்ப் பதிந்தது. அழுத்தினார். பாதி எழுந்து, முழங்கால் நடுங்கி, தொப்பென்று உட்கார்ந்தார்.

தம்பி சட்டென்று எழுந்து கையை நீட்டினான்.

"உக்காருடா" என்றாள் அக்கா. அவள் குரல் பரிசோதனைக் கூடத்துக் குரல். அவன் உட்கார்ந்தான். புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்த தன் கையை அவளே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

அப்பா கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். மூச்சை இழுத்தார். மறுபடி அழுத்தினார். முழங்கை நிமிர்ந்தது, தோள் வந்தது, முதுகு வந்தது. நின்றார். யாரும் தொடவில்லை. நாற்காலி நகரவில்லை.

"அப்பா, உங்களத்தான் கேக்கறேன்" என்றான் தம்பி. "நாற்காலி எப்படி இருக்குன்னு சொல்லுங்களேன்."

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சுவரைப் பிடித்தார். இரண்டு பேரையும் பார்க்காமல், நிதானமாகக் கூடத்தைத் தாண்டி, தன் அறைக்குள் போய்விட்டார்.